விடியும்வரை திங்கட்கிழமை

"நீ இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கக் கூடாதாம்மா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தோள்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று கேட்டாள். எதைப் பொறுத்துக்கொள்வது என்று அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை.

"வலியைத்தான். பொறுத்துக்கிட்டு இருந்திருந்தா அந்தக் கெட்ட நேரம் போயிருக்கும். அப்புறமா நான் பொறந்திருப்பேன். பாட்டி என்னையும் தூக்கியிருப்பாங்க."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, பாலு" என்று திரும்பிக்கொண்டாள் அம்மா. பாலை இறக்கிவிட்டுப் பார்த்தபோது பிள்ளை விளையாடப் போயிருந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பதில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்தக் கேள்வி கேட்ட வேளையோ என்னவோ, அம்மாவுக்குக் கிடைத்த வேலையும் பிறக்கிற நேரத்தைப் பற்றியதாகவே போயிற்று. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரு மேஜை. மெத்தை கிழிந்த சுழல் நாற்காலி. கிழிசல் குத்தாமல் இருக்க அதன்மேல் மடித்துப் போட்ட துண்டு. முதுகுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. ஆஸ்பத்திரியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளியிலிருந்து டாக்டரம்மா வரை எல்லாருக்கும் அவள் 'டைம் அக்கா'.

குழந்தை தானாகப் பிறக்கும் வீடுகளுக்கு டைம் அக்காவிடம் வேலை இல்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்ன வீடுகள்தான் அவளிடம் வரும். எப்படியும் எடுக்கப் போகிறோம், நல்ல நேரத்தில் எடுத்துவிடலாமே என்று ஜோசியரிடம் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஒரு நாளுக்கு ஐந்து அங்கம். ஐந்தும் கூடி வந்தால் ராகு காலம் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டினால் எமகண்டம். அதையும் தாண்டினால், மயக்க மருந்து டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரியில் ஊசியோடு நின்றுகொண்டிருப்பார். அஷ்டமி, நவமி வந்துவிட்டால் தியேட்டரில் ஈ ஓட்டலாம். நல்ல நாள் வந்தாலோ ஊரே ஒரே முக்கால் மணி நேரத்துக்குள் பிறக்கப் பார்க்கும்.

"பத்து இருபதுக்கும் பத்து ஐம்பதுக்கும் நடுவுல குழந்தை வெளியில வந்துடணும்ங்க" என்பார் ஒரு மாப்பிள்ளை.

"வெளியிலன்னா, தலை வந்தா போதுமா, முழுசா வரணுமா?"

மாப்பிள்ளை முழிப்பார். வாசலுக்குப் போய் போன் பேசிவிட்டு வருவார். "முதல் அழுகைதான் கணக்காம்."

"அது குழந்தை கையில இருக்கு. நான் பத்தேகாலுக்குப் போட்டு வைக்கிறேன்."

அதற்குள் இன்னொரு வீட்டு மாமியார் மேஜையில் முழங்கையை ஊன்றுவார். "அவங்களைக் கொஞ்சம் தள்ளிப் போடும்மா. எங்களுது சிம்ம லக்னம்."

"அவங்களுதும் சிம்ம லக்னம்தாம்மா. சிங்கமும் ஒண்ணுதான், தியேட்டரும் ஒண்ணுதான். நான் எங்க போவேன்?"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். டைம் அக்கா சிரிக்க மாட்டாள். அந்த வேடிக்கைப் பேச்சை இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் எழுந்து நின்றால் இடுப்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அடுத்தவர்களுடைய நல்ல நேரமெல்லாம் அவள் முதுகில் ஏறி இறங்கிவிட்டுப் போனது போல இருக்கும். வீட்டுக்குப் போனால் அங்கே வேறு நேரம் காத்திருக்கும்.

வீட்டில் மாமியார். பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார். மகள், குருவி. பிறந்தபோது ஒரு கைப்பிடிதான் இருந்தாள் என்று அப்பா வைத்த செல்லப் பெயர் அது. அந்த அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இருக்கிற நாலு நாளும் தூங்கித் தீர்ப்பார்.

குருவி பிறந்தது ஆயில்யம் என்று ஜாதகம் சொன்னது. பாம்பு நட்சத்திரம் என்பார் மாமியார். பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட நிறையாத நிலையில் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அன்றைக்கு முடிவான தீர்ப்பை மாமியார் அப்புறம் மாற்றி எழுதவில்லை. கத்த மாட்டார், அடிக்க மாட்டார். பேத்திக்குச் சோறு போட்டார், பள்ளிக்கூடச் செலவுக்குக் கொடுத்தார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தார். தொட மட்டும் மாட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை நடக்கும். வார்த்தை கூட மாறாது.

"அவரே தன் வாயால போய்ச் சொன்னாரு ஜோசியர்கிட்ட. செவ்வாய்க்கிழமை, ராத்திரி மூணே முக்காலுக்குப் பேத்தி பொறந்திருக்கான்னு. ஜோசியர் கட்டம் போட்டுட்டு மூஞ்சியைத் தூக்கவே இல்லையாம். தன்னைக் கொத்தப் போறதை அவரே போய் எழுதி வாங்கிட்டு வந்தாரு, பாவம்."

டைம் அக்கா இந்தக் கதையைப் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டிருக்கிறாள். துணி மடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. பேசினால் அது நீளும். அவளுக்கு விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்.

நாத்தனாருக்கு இதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது எட்டு மாதம் தாண்டியதும், மாமியார் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காத. அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி உன் பொண்ணு வெளியில கிளம்பிடட்டும். ராத்திரி அவ கதவைச் சாத்தினப்புறம் வரட்டும். கொஞ்ச நாளைக்குத்தான்."

"சரி அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் குருவிக்குக் கட்டில் போட்டார்கள். குருவி அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டாள். "இப்போ நான் நைட் டூட்டி பாம்பும்மா. பகல்ல புத்துக்கு வெளியில தலை காட்டக் கூடாது."

நாத்தனாரும் கெட்டவள் இல்லை. சாப்பிட முடியாமல் மிச்சம் வைக்கிற பழத்தை, "குருவிக்குக் கொடுங்க அண்ணி" என்று எடுத்து வைப்பாள். ஒருநாள் டைம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல அண்ணி. ஆனா பயம் இருக்கு. என்னை மன்னிச்சிடுங்க."

குருவி லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்திருந்தாள். அந்த வாரம்தான் வேலைக் கடிதம் வந்தது. வேறு ஊர், பெண்கள் விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். சுடிதாரை மடித்துக்கொண்டேதான் அதை அம்மாவிடம் சொன்னாள்.

"பதினோரு மணி பஸ்ஸும்மா."

"வெள்ளிக்கிழமை பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்டி."

"தெரியும். ராகு காலத்துல கூட்டம் இருக்காது. ஜன்னலோர சீட்டு கிடைக்கும்."

"இந்த ஊர்லயே லேப் இல்லாமலா போச்சு? இங்கேயே பாரேன். உன் அத்தைக்குக் குழந்தை பொறந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

குருவி மடித்துக்கொண்டிருந்த சுடிதாரைக் கீழே வைத்தாள். "எனக்குப் பாட்டி மேல கோவம் இல்லம்மா. அவங்க நம்புறாங்க. நீயாவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'என் பொண்ணு அப்படி இல்ல'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கு அசதியா இருக்குடி. நாளைக்குப் பேசலாம்."

"உனக்கு எப்பவும் அசதிதான்" என்றாள் குருவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியில் மழை வருகிறது என்பதைப் போலச் சொன்னாள்.

அவள் போய்விடுவாள், போனால் திரும்ப மாட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் டைம் அக்காவுக்கு அது ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது. தடுத்து நிறுத்த அவளிடம் ஒரு வார்த்தை வேண்டும். இருந்த வார்த்தையெல்லாம் மேஜையில் செலவாகியிருந்தது.

நாத்தனாருக்கும் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாமியார் ஜோசியரோடு போனில் நெடுநேரம் பேசினார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தைத் தன் கையால் குறித்துக்கொண்டு வந்து மருமகளிடம் கொடுத்தார். 'வியாழன் காலை 4.50. அஸ்தம்.'

டாக்டரம்மா பொழுது விடியாமல் கத்தியைத் தொடுகிறவர் இல்லை. டைம் அக்காவின் பலகையில் அதுவரை விடிவதற்கு முந்திய நேரம் ஏறியதே கிடையாது. டைம் அக்கா முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்டாள். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊருக்கெல்லாம் டைம் கொடுக்கிற உனக்கு நான் டைம் கொடுக்கலைன்னா நல்லாவா இருக்கும்? வந்து தொலைக்கிறேன். காபி மட்டும் சூடா இருக்கணும்."

பலகையில் வியாழன் 4.50 என்று எழுதினாள்.

புதன்கிழமை காலை, தியேட்டர் சிஸ்டர் மேஜையருகே வந்து நின்றார். சமீபத்தில்தான் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வந்தவர். "அக்கா, உங்க நாத்தனாருக்கு இன்னைக்கு ராத்திரியோட சாப்பாட்டை நிறுத்தணுமா, நாளைக்கு ராத்திரியோடயா?"

"இன்னைக்குத்தான். வியாழக்கிழமை விடியற்காலைதானே."

"யாரோட வியாழன்? உங்க வியாழனா, ஜோசியர் வியாழனா?"

"ரெண்டு வேறயா?"

"பழைய ஆஸ்பத்திரியில இதாலதான் ஒரு குடும்பம் வந்து கண்ணாடியை உடைச்சுது. எதுக்கும் ஒரு போன் போட்டுடுங்க. இங்க கண்ணாடி நிறைய இருக்கு."

டைம் அக்கா ஜோசியருக்கு போன் போட்டாள். தான் யார் என்று சொன்னாள். "வியாழன் காலை நாலு ஐம்பதுன்னு அத்தை எழுதிக் கொடுத்தாங்க. நாளைக்குக் காலையிலதானே சார்?"

"நாளைக்கா? நாளை மறுநாள்ம்மா!"

"வியாழன்னு சொன்னீங்களே."

"வியாழன்தான். இப்படிப் பாருங்க. நாளைக்குச் சூரியன் வந்தாத்தான் எங்களுக்கு வியாழக்கிழமை பொறக்குது. வெள்ளிக்கிழமை சூரியன் வர்ற வரைக்கும் அது வியாழன்தான். நீங்க ராத்திரி பன்னெண்டு அடிச்சதும் நாளைக் கிழிச்சுப் போட்டுடுறீங்க. எங்க நாளுக்கு அப்போ இன்னும் கால்வாசி உசிரு இருக்கு. நான் 'வியாழன், விடியறதுக்கு முன்னாடி'ன்னு சொன்னேன். அம்மா 'காலை'ன்னு எழுதிக்கிட்டாங்க போல."

"நாளைக்குக் காலையில எடுத்திருந்தா?"

"ஒரு நாள் முன்னால போயிருக்கும். உத்திரமா இருந்திருக்கும். இந்த ஒரு இடத்துல எத்தனை ஜாதகம் தடம் புரண்டிருக்கு தெரியுமா? பெத்தவங்க ஆஸ்பத்திரிக் கிழமையைச் சொல்லுவாங்க, கூடவே 'ராத்திரி'ன்னு சொல்லுவாங்க. எழுதுறவரு பஞ்சாங்கக் கிழமையில அந்த ராத்திரியைத் தேடுவாரு. ஒரு முழு நாள் தள்ளிப் போயிடும்."

"சரிங்க சார்" என்றாள் டைம் அக்கா. எழுந்து பலகையில் வியாழனை அழித்து வெள்ளி என்று எழுதப் போனாள். 'வெ' எழுதிய இடத்தில் கை நின்றது.

செவ்வாய்க்கிழமை, ராத்திரி மூணே முக்கால்.

மாமியாரின் குரலிலேயே அது காதில் விழுந்தது. குருவிக்காக அவளுக்கு வலி எடுத்தது திங்கட்கிழமை சாயங்காலம். கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். குழந்தை வந்த பிறகுதான் ஜன்னலில் வெளிச்சம் வந்தது. கூட்டுகிற அம்மா ஜன்னலைத் திறந்து, "செவ்வாய்க்கிழமை பொறந்தாச்சு, உன் பொண்ணும் பொறந்தாச்சு" என்று சொன்னது நினைவிருக்கிறது. மாமனார் ஆலையில் ஆள் வருகை குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்தவர். ஷிப்டு மாறுகிற பன்னிரண்டு மணிக்கு அவருக்கு நாளும் மாறிவிடும். ஆஸ்பத்திரிச் சுவரில் செவ்வாய் என்று மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு போய், செவ்வாய் என்று சொல்லியிருக்கிறார். அது ராத்திரி என்பதால் ராத்திரி என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டும் நிஜம். அன்று ஜாதகம் எழுதியவர், செவ்வாய் விடிந்து இருட்டிய பிறகு வரும் ராத்திரியை எடுத்துக்கொண்டார். அந்த ராத்திரி வந்தபோது குருவிக்கு ஒரு நாள் வயசு ஆகியிருந்தது.

மறுபடியும் போன் போட்டாள். வருஷம், மாதம், தேதி, நேரம் எல்லாம் சொன்னாள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் ஜோசியர். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கூப்பிட்டார்.

"விடியும்வரை திங்கட்கிழமைதான்ம்மா. பூசம். ஆயில்யம் இல்லவே இல்ல. ரெண்டுக்கும் ராசி கடகம்தான், அதான் யாருக்கும் சந்தேகம் வரலை. யாரு ஜாதகம் இது?"

"ஒரு பொண்ணோடது."

"அருமையான நட்சத்திரம். பொறந்த வீட்டுக்கு வெளிச்சம்."

போனை வைத்தாள். சந்தோஷம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பத்தொன்பது வருஷம். ஒரு கிழமைக்காக. சோற்றைப் பிசைந்தாள், வாயில் வைக்கவில்லை. யாரோ மேஜையைத் தட்டினார்கள். "மேடம், எங்களுக்கு நாளைக்குக் கன்னி லக்னம் வேணும்." டப்பாவை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

அன்று ராத்திரி மகளிடம் சொல்லிவிடத்தான் போனாள். குருவி பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

குற்றம் சொன்ன வாயே அதைத் திருப்பிச் சொல்லட்டும் என்று டைம் அக்காவுக்குத் தோன்றியது. மாமியார் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் தடவிச் சொன்னால்தான் பிள்ளைக்கு மனசு ஆறும். அதற்கு நாத்தனாரின் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் பொறுத்தால் போதும்.

"ஒண்ணுமில்ல. துண்டு எடுத்து வச்சுக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன். நீ போய்ப் படு, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு."

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சொன்ன நேரத்துக்குச் சரியாக அழுதது. டாக்டரம்மா காபியைக் குடித்துவிட்டு, "ஜோசியருக்கு என் சார்பா ஒரு கும்பிடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பத்து மணிக்கு மேல், மூன்றாம் மாடி அறையில் மாமியார் மடியில் துணிச்சுருள் போலக் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"நல்லவேளை நீ போன் பண்ணிக் கேட்டே. இல்லன்னா அநியாயமா ஒரு நாள் மாறிப் போயிருக்கும்" என்றார் மருமகளைப் பார்த்து.

இதுதான் நேரம் என்று டைம் அக்கா எழுந்து நின்றாள்.

"குருவிக்கும் அப்படித்தான் மாறிப்போச்சு அத்தை."

"என்ன மாறிப்போச்சு?"

சொன்னாள். மாமனார் சொன்ன செவ்வாய், அந்தக் காலத்து ஜோசியர் எடுத்துக்கொண்ட செவ்வாய், நடுவில் தவறிப்போன திங்கள். மாமியார் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அவரு டைம் ஆபீஸ்ல இருந்தவரு. ஒரு நிமிஷம் தப்பா சொல்ல மாட்டாரு."

"மாமா தப்பா சொல்லலை அத்தை. அவரு சொன்ன நாளு வேற, கேட்டவரு நாளு வேற."

"அம்மா, ஜோசியர்கிட்டயே கேட்டுடேன்" என்றாள் நாத்தனார் கட்டிலிலிருந்து. குரல் இன்னும் மயக்கத்திலிருந்து முழுதாகத் தெளியவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். ஜோசியர் முதலில் குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு பூசம் என்றார், சந்தேகமே வேண்டாம் என்றார். போன் அணைந்தது. மாமியார் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"அப்போ அவரு எதனால செத்தாரு?"

சின்னப் பிள்ளை கேட்பது போலத்தான் கேட்டார். டைம் அக்காவுக்கு அந்தக் கணம் அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

"நெஞ்சுவலி அத்தை. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. பீடியை விடச் சொல்லி ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு."

மாமியார் மெதுவாகத் தலையை ஆட்டினார். புருஷனை இரண்டாம் தடவை பறிகொடுத்தவர் போல இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அவ? கூப்பிடு அவளை."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக குருவி வந்திருந்தாள். அறை வாசலில், நிலைக்கு வெளியே, தோளில் ஒரு பை, காலடியில் ஒரு பெட்டியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. உள்ளே வராமல் நிற்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்; எந்த இடத்தில் நின்றால் யார் கண்ணிலும் படாது என்று சின்ன வயசிலேயே தெரிந்துகொண்டவள்.

"உள்ள வாம்மா" என்றார் மாமியார். "ஏன் அங்கயே நிக்கிற? நீ பூசமாம்டி. உங்க தாத்தா அவசரத்துல கிழமையை மாத்திச் சொல்லிட்டாரு. ஜோசியர் இப்போதான் சொன்னாரு, பொறந்த வீட்டுக்கே வெளிச்சமாம் நீ. உங்கம்மா புதன்கிழமையே கேட்டு வச்சிருக்கா பாரு, கல்லுளிமங்கி. வா, வந்து பாப்பாவை வாங்கு. முதல்ல நீதான் வாங்கணும். அப்புறம்தான் மத்தவங்க."

குருவி பாட்டியைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"பாட்டி வாயால சொன்னா உனக்கு நல்லா இருக்கும்னு…" என்று ஆரம்பித்தாள் டைம் அக்கா. அதை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவினாள். "நீ இனிமே போக வேண்டாம்டி. எல்லாம் சரியாயிடுச்சு."

மகளின் கண் அசையவில்லை. அதில் கோபம் இருந்தால் தாங்கியிருக்கலாம். ஒரு ஜோசியர் சொன்ன பிறகுதான் உன் வாய் திறந்ததா என்று அது கேட்பது போலத்தான் டைம் அக்காவுக்குப் பட்டது. பிள்ளை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே பொங்குகிற பால் எதுவும் இல்லை.

குருவி பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். உள்ளே வந்தாள். மூலையில் இருந்த தொட்டிக்குப் போய், லேப்பில் பழகிய மாதிரி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். மாமியார் இரண்டு கையிலும் குழந்தையை ஏந்தி நீட்டினார். நாத்தனார் கட்டிலில் கண்ணைத் துடைத்தாள். குருவி வாங்கிக்கொண்டாள். கழுத்துக்குக் கீழே கை கொடுத்து, சரியாகப் பிடித்தாள். குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். மூடிய இமையை, சுருங்கிய நெற்றியை. அதன் விரல் அவள் சட்டைப் பொத்தானில் மாட்டியது. அதைப் பதமாக விடுவித்தாள்.

"பாருடி, உன்கிட்ட எப்படி ஒட்டிக்குது" என்றார் மாமியார்.

குருவி இரண்டு எட்டு நடந்து வந்து, குழந்தையை அம்மாவின் கையில் வைத்தாள். சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கட்டில் பக்கத்து மேஜைமேல் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். பெட்டியைத் தூக்கினாள்.

"மணி பத்தே முக்கால்டி! ராகு காலம்!" மாமியார் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார், முட்டி இடம் கொடுக்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு மேல போயேன். என் கண்ணுல்ல? கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ தாயி."

டைம் அக்காவின் இரண்டு கையிலும் குழந்தை இருந்தது. யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓட வேண்டும். மாமியார் இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தார், நாத்தனாரால் எழ முடியாது, தொட்டில் அறையின் அந்தப் பக்கம். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் அதிகம். யாரோ ஒருவர் அவளைப் பார்த்ததும், "டைம் அக்கா, எங்களுக்கு எத்தனை மணிக்கு?" என்றார்.

குருவி லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, படியில் இறங்கி, திருப்பத்தில் மறைந்தாள்.